‘இல்லை’ என்று சொல்ல மூன்று வேண்டும்

களியக்காவிளைச் சந்தையில் ஒரு பழக்கடைக்காரரிடம் "ஏத்தம்பழம் இருக்கா?" என்று கேளுங்கள். "இல்லண்ணே" என்பார். பக்கத்தில் தொங்கும் குலையைக் காட்டி "அப்ப இது ஏத்தன்தானே?" என்றால், அதற்கும் "இல்லண்ணே, இது மொந்தன்" என்பார். எல்லையைத் தாண்டி மலையாளம் பேசும் பாறசாலையில் இதே இரண்டு கேள்விக்கும் இரண்டு வேறு பதில் வரும். முதல் கேள்விக்கு ‘இல்ல’, இரண்டாவதற்கு ‘அல்ல’. அங்கே இந்த இரண்டையும் மாற்றிச் சொன்னால் சின்னப் பிள்ளைகூடத் திருத்தும்.

முதல் மறுப்பு, ஒரு பொருள் ஓரிடத்தில் இருப்பதை மறுக்கிறது. இரண்டாவது, கண்முன் இருக்கும் ஒன்று இன்னொன்றாக இருப்பதை மறுக்கிறது. எழுத்துத் தமிழ் இந்த வேற்றுமையைக் கைவிடவில்லை. ‘பழம் இல்லை’, ‘இது ஏத்தன் அன்று’, பன்மையானால் ‘இவை ஏத்தன்கள் அல்ல’ என்று இலக்கணம் இன்றும் பிரித்தே வைத்திருக்கிறது. பேச்சுத் தமிழில்தான் இரண்டும் ஒரே ‘இல்ல’வுக்குள் விழுந்துவிட்டன. சூனியம், உணர்வு, கடவுள் பற்றிய வாதங்கள் பலவும் தடம் புரளும் இடத்தைத் தோண்டிப் பார்த்தால் இந்த இரண்டு மறுப்பும் கலந்து கிடப்பதைக் காணலாம். ‘கடவுள் இல்லை’ என்பது ஒரு கூற்று. ‘நீ கும்பிடுவது கடவுள் அன்று’ என்பது முற்றிலும் வேறு கூற்று. முதலாவதற்குச் சொல்லும் சான்று இரண்டாவதற்குப் போதாது, இரண்டாவதற்குச் சொல்வது முதலாவதற்கு உதவாது.

தர்க்க நூலார் இன்மையை அபாவம் என்பார்கள். ஆந்திரத்து அன்னம்பட்டர் 17-ஆம் நூற்றாண்டில் எழுதிய தர்க்க சங்கிரகம் அதை நான்காகப் பிரிக்கிறது. சுங்கான்கடையில் குயவர் சக்கரத்தில் ஏற்றும் களிமண்ணைக் கொண்டு இதை விளங்கிக்கொள்ளலாம். பானை வனையும் முன் அந்த மண்ணில் பானை இல்லை. இது முன்னின்மை, இதற்குத் தொடக்கம் கிடையாது, முடிவு மட்டும் உண்டு. பானை விழுந்து உடைந்தபின் வருவது அழிவால் வரும் இன்மை. இதற்குத் தொடக்கம் உண்டு, முடிவு கிடையாது. அதே ஓடுகளை ஒட்டினாலும் பழைய பானை திரும்பாது, இன்னொன்றுதான் வரும். காற்றில் நிறம் இல்லை என்பது என்றும் உள்ள இன்மை. பானை துணி அன்று என்பது நான்காவது, ஒன்றில் ஒன்றின்மை. முதல் மூன்றுக்கும் ‘இல்லை’, நான்காவதற்கு ‘அன்று’. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே ஓடும் கோடு இதுதான்.

இந்தப் பகுப்பைவிட முக்கியமானது அதன் அடியில் இருக்கும் விதி. ‘தரையில் குடம் இல்லை’ என்றால் அதில் குடம் என்ற இன்மைக்குரிய பொருளும், தரை என்ற இடமும் இருந்தே ஆகவேண்டும். இவற்றோடு அதை அறிகிற ஒருவரும் வேண்டும். எது இல்லை, எங்கே இல்லை, யாருக்குத் தெரிகிறது: இந்த மூன்றையும் எந்த ‘இல்லை’யிடமும் கேட்கலாம். முழுச் சூனியம் இரண்டாம் கேள்வியில் சிக்குகிறது. உணர்வு பற்றிய வாதம் மூன்றாம் கேள்வியில் தொங்குகிறது. கடவுள் வழக்கு முதல் கேள்விக்கே பதில் சொல்லாமல் தொடங்கிவிடுவதால்தான் முடிவதே இல்லை.

ஒன்றுமே இல்லாமை

‘ஏன் ஏதோ ஒன்று இருக்கிறது, ஒன்றுமே இல்லாமல் போயிருக்கலாமே?’ என்ற கேள்வியை ஜெர்மன் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் 1714-இல் கூர்மையாக வைத்தார். கேட்டவுடன் வயிற்றைப் பிசையும் கேள்வி அது. ஆனால் தர்க்க விதியை அதன்மேல் வைத்துப் பாருங்கள். குடம் இல்லை என்றால் தரை மிஞ்சும். தரையும் இல்லை என்றால் வெளி மிஞ்சும். வெளியும் இல்லை, காலமும் இல்லை என்று எடுத்துக்கொண்டே போனால், எந்த இடத்தில் இவை எல்லாம் இல்லை என்று சொல்வது? ‘ஒன்றுமில்லை’ என்ற சொல்லை ஒரு பொருளின் பெயர்போல் கையாளும்போது பிழை நேர்கிறது. தத்துவ அறிஞர் ஹைடெக்கர் 1929-இல் நிகழ்த்திய உரையில் ஒன்றுமின்மையைப் பற்றி அப்படிப் பேசினார் என்பதே இன்னொரு தத்துவ அறிஞரான கார்னாப் சில ஆண்டுகளுக்குள் வைத்த குற்றச்சாட்டு. ‘பையில் ஒன்றுமில்லை’ என்றால் பையில் ‘ஒன்றுமில்லை’ என்ற சரக்கு கிடக்கிறது என்று பொருள் அல்லவே.

இயற்பியலில் வரும் வெற்றிடத்தையும் இங்கே கலக்கக்கூடாது. குவாண்டம் வெற்றிடத்துக்கு இடம் உண்டு, விதி உண்டு, ஆற்றலும் உண்டு. வெற்றிடத்தில் மிக நெருக்கமாக வைத்த இரண்டு உலோகத் தகடுகள் ஒன்றையொன்று ஈர்க்கும் என்று காசிமிர் 1948-இல் கணித்தார், பின்னர் அது அளந்தும் காட்டப்பட்டது. அப்படிப்பட்ட வெற்றிடத்திலிருந்து பிரபஞ்சம் தோன்றியது என்று ஒருவர் நிறுவினாலும், அவர் தரையிலிருந்து குடத்தைக் கொண்டுவந்திருக்கிறார். லைப்னிட்ஸ் கேட்டது தரையைப் பற்றி.

நாகார்ச்சுனரையும் இங்கே காப்பாற்ற வேண்டியிருக்கிறது. ஆந்திர மண்ணோடு மரபு இணைத்துப் பேசும் அந்தப் பௌத்த ஆசிரியரின் சூனியம், எதுவுமே இல்லை என்பது அன்று. எந்தப் பொருளும் பிறவற்றைச் சாராமல் தானாக நிற்பதில்லை என்பதே அது. பானைக்கு மண்ணும் சக்கரமும் கையும் வேண்டும், இவற்றை நீக்கிவிட்டால் ‘பானைத்தன்மை’ என்று தனியே ஒன்று மிஞ்சாது. சைவ நூல்கள் சூனியவாதியை ‘எல்லாம் இல்லை என்பவன்’ என்று நிறுத்தி வீழ்த்துவது, எதிரியை மெலிந்தவனாக வரைந்து வீழ்த்துவதுதான். சைவத்தின்மேல் எவ்வளவு மதிப்பு இருந்தாலும் இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே சாலையில் மூன்று பதில் கிடைக்கும். கோட்டாறு சவேரியார் கோயிலில் சொல்லப்படும் நம்பிக்கையில், கடவுள் உலகை ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்தார். மண் இல்லாமல் பானை. சைவ சித்தாந்தம் இதை ஒப்பாது. இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்பது அதன் அடித்தளம். முதற்காரணம் மண்போல மாயை, துணைக்காரணம் சக்கரமும் தண்டமும்போலச் சக்தி, நிமித்த காரணம் குயவர்போல இறைவன். பதி என்ற இறைவன், பசு என்ற உயிர், பாசம் என்ற கட்டு மூன்றும் தொடக்கமில்லாதவை. ஆகவே லைப்னிட்ஸின் கேள்வி சித்தாந்தியைச் சுடுவதில்லை. ‘ஒன்றுமே இல்லாத நிலை’ என்று ஒன்று அவர் கணக்கில் ஒருபோதும் இருந்ததில்லை.

மூன்றாவது, தக்கலையில் பீர்முகமது அப்பாவின் ஞானப்புகழ்ச்சி பாடப்படும் மரபு. இஸ்லாமிய நம்பிக்கையைச் சொல்லும் வாசகமான கலிமாவின் முதல் சொல்லே ‘இல்லை’. வணக்கத்துக்குரியது எதுவும் இல்லை என்று எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, அதன் பிறகே ‘அல்லாஹ்வைத் தவிர’ என்று ஒன்றை நிறுத்துகிறது. இஸ்லாமிய இறையியலாளர்கள், குறிப்பாக 1111-இல் மறைந்த கஸ்ஸாலி, முன்வைத்த வாதமும் தொடக்கத்தைப் பற்றியதே: தொடங்கிய எதற்கும் காரணம் உண்டு, உலகம் தொடங்கியது, ஆகவே அதற்குக் காரணம் உண்டு. இதில் நடுப்படிதான் பலவீனமான பலகை. உலகுக்குத் தொடக்கம் உண்டா என்பது தனியே நிறுவப்பட வேண்டும். பெருவெடிப்பைக் காட்டினால் போதும் என்று நினைப்பவர்கள், அது இப்போதைய விரிவின் தொடக்கத்தைக் காட்டுவதையும் எல்லாவற்றின் தொடக்கத்தையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

அரிஷ்டப் பானையில் உணர்வு

மணிமேகலை, சேரர் தலைநகரான வஞ்சியில் பல சமயத்தவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கும் காதை ஒன்று உண்டு. வஞ்சி என்பது கொடுங்கல்லூரா கரூரா என்ற வழக்கு ஓயவில்லை. அங்கே, பூதங்களால் ஆனதே எல்லாம் என்னும் பூதவாதி சொல்லும் உவமை, உணர்வைப் பற்றி இன்று ஆய்வுக்கூடங்களில் சொல்லப்படுவதோடு ஒட்டி நிற்கிறது. தாதகிப் பூவும் வெல்லக் கட்டியும் பிறவும் கூட்டினால் போதை பிறப்பதுபோல, பூதங்கள் கூடினால் உணர்வு தோன்றும் என்கிறான்.

இது கற்பனை உவமை அன்று. கேரள வைத்தியசாலைகளில் அரிஷ்டம் என்ற புளிக்கவைத்த மருந்தைச் செய்யும் முறையே இதுதான். மருந்துச் சரக்கைக் கஷாயமாக வற்றவைத்து ஆறவிட்டு, வெல்லம் கரைத்து, தாதிரிப்பூ என்று அங்கே சொல்லும் தாதகிப் பூவைச் சேர்த்துப் பானை வாயை மூடிச் சீலைமண் பூசி, சுமார் ஒரு மாதம் வைப்பார்கள். பூவோடு வரும் ஈஸ்ட் வெல்லத்தைத் தின்று சாராயமாக்குகிறது. கஷாயம் சூடாக இருக்கும்போதே பூவைப் போட்டால் ஈஸ்ட் செத்துவிடும், ஒன்றும் புளிக்காது. மூடி சரியாக அடையாமல் காற்று புகுந்தால் சாராயம் காடியாகிவிடும். வெல்லத்தில் இல்லை, பூவில் இல்லை, தண்ணீரில் இல்லை, சேர்ந்தபின் இருக்கிறது. பூதவாதியின் பலம் இதுதான். உணர்வும் அணுவில் இல்லை, நரம்பணு ஒன்றில் இல்லை, கூட்டத்தில் இருக்கிறது என்கிறான்.

உவமை எங்கே உடைகிறது? பானைக்குள் நடப்பதை மிச்சமில்லாமல் கணக்கிட்டுவிடலாம். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு உடைந்து இரண்டு எத்தனாலும் இரண்டு கார்பன் டை ஆக்சைடும் ஆகிறது. உள்ளே போன கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அத்தனையும் வெளியே வருகின்றன. புதிதாக எதுவும் முளைக்கவில்லை, உள்ளது உருமாறியது. ஆனால் பூதவாதி உவமையில் வைத்தது சாராயத்தை அன்று, களிப்பை. களிப்பு பானையில் இல்லை. பானை மயங்குவதில்லை, குடித்தவர்தான் மயங்குகிறார். உணர்வு எப்படி வந்தது என்று காட்டவந்த உவமைக்குள், மயக்கத்தை உணரும் ஒருவர் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருக்கிறார். தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸ் 1995-இல் ‘கடினமான சிக்கல்’ என்று பெயரிட்டது இந்த இடைவெளியைத்தான். மூளை எப்படிப் பிரித்தறிகிறது, எப்படி நினைவு வைக்கிறது என்பவற்றைப் பானைக்கணக்காகச் செய்து முடிக்கலாம். அவ்வளவும் நடக்கும்போது அது ஒருவருக்கு ஏன் ஒரு அனுபவமாக இருக்க வேண்டும் என்பது கணக்கில் வராமல் நிற்கிறது. இது பூதவாதியைத் தோற்கடித்துவிடவில்லை, அவனிடம் இன்னும் வாங்க வேண்டிய பாக்கியைக் காட்டுகிறது.

காப்பியத்தில் மணிமேகலை வேறு பக்கம் தாக்குகிறாள். பூதவாதி காட்சியை மட்டும் ஏற்று, அனுமானத்தைத் தள்ளுபவன். ‘உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி எப்படி அறிந்தாய்?’ என்று கேட்கிறாள். அளவை, அதாவது எதையும் அறியும் வழி, பற்றிய இந்த அடி இன்றும் கூர் மழுங்காதது. கண்ணால் கண்டால்தான் ஒப்புவேன் என்பவர் யாரும் தன் பிறப்பையே அப்படி ஒப்புவதில்லை.

மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டில் செய்த சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தில் மொத்தம் 12 சூத்திரம். மூன்றாவது, ஆன்மா உண்டு என்று காட்ட எடுத்துக்கொண்டது. அதன் முதல் காரணம் ‘உளது இலது என்றலின்’ என்பது. உடம்பு நான் அன்று, புலன் நான் அன்று, ஆகவே ஆன்மா என்று ஒன்றும் இல்லை என்று ஒருவர் முடித்தால், அப்படி ஒவ்வொன்றாக நீக்கி ‘இல்லை’ என்று சொல்லும் அறிவு எது? மேலே சொன்ன மூன்றாம் கேள்வி இது. பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டேக்கார்ட்டே ஐயத்திலிருந்து 17-ஆம் நூற்றாண்டில் எட்டிய இடத்துக்கு, இச்சூத்திரம் மறுப்பிலிருந்து வந்து சேர்கிறது. மறுப்பவன் இல்லாத மறுப்பு கிடையாது என்ற அளவில் இது அசைக்க முடியாதது. ஆனால் அது தருவது எவ்வளவு என்று அளந்துதான் எடுக்க வேண்டும். மறுக்கும்போது மறுக்கும் அறிவு ஒன்று உண்டு என்பதை மட்டுமே தருகிறது. அது நித்தியமானது, உடல் விழுந்தபின்னும் நிற்பது என்பதை இந்த ஒரு காரணம் தராது.

அடுத்த காரணம் ‘எனது உடல் என்றலின்’. என் வீடு என்றால் வீடு நான் அன்று, என் உடல் என்றால் உடலும் நான் அன்று. இது கேட்க எளிது, சறுக்கவும் எளிது. ‘என் உயிர்’ என்றும் சொல்கிறோமே! வேற்றுமை உருபு ஒன்றை வைத்துக்கொண்டு உடைமையையும் உடையவரையும் பிரிக்கப்போனால் உயிரும் உடைமைப் பட்டியலில் போய்ச் சேரும். இந்தச் சூத்திரத்தை வகுப்பில் நடத்துபவர்கள் இந்த இடத்தில் வேகமாகக் கடந்துபோவது வழக்கம். நின்று பதில் சொல்ல வேண்டிய இடம் இது.

உறக்கம் பற்றிய வாதம் இதைவிட வளமானது. ‘சுகமாத் தூங்குனேன், ஒண்ணுமே தெரியல’ என்று காலையில் சொல்கிறோம். காலடியில் பிறந்த சங்கரர் வழிவந்த அத்வைதிகள் இதைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒன்றும் தெரியவில்லை என்பது நினைவு. நினைவு வேண்டுமானால் அனுபவம் இருந்திருக்க வேண்டும். ஆகவே ஒன்றும் தெரியாமையையே கண்டுகொண்டிருந்த உணர்வு ஒன்று உறக்கத்திலும் விழித்திருந்தது. தர்க்க மரபினரான நியாய நூலார் விடுவதில்லை. அது நினைவே அன்று, அனுமானம் என்கிறார்கள். விளக்கணைத்தது பத்து மணிக்கு, இப்போது ஐந்து, உடம்பு தெளிந்திருக்கிறது, நடுவில் நினைவு எதுவும் இல்லை, ஆகவே எதையும் அறியாமல் கிடந்திருக்கிறேன் என்று விழித்தபின் ஊகிக்கிறோம். அறுவை சிகிச்சைக்கு மயக்கமருந்து வாங்கியவர்கள் சொல்வது நியாயத்தின் பக்கம் சாய்கிறது. அவர்கள் ‘சுகமாகக் கிடந்தேன்’ என்பதில்லை, எண்ணச் சொன்னார்கள், அடுத்து கண் திறந்தேன் என்றே சொல்கிறார்கள். இருந்தாலும் வழக்கு மூடவில்லை. பதிவாகாத அனுபவமும் அனுபவமின்மையும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

நெய்யாற்றங்கரைக்கு அருகே அருவிப்புறத்தில் 1888-இல் சிவலிங்கம் நிறுவிய நாராயண குரு, ஆத்மோபதேச சதகத்தில் இதற்கு இன்னொரு வாசல் திறக்கிறார். தமிழ் நன்கு கற்றவர் அவர், தமிழிலும் பாடியவர், ஒழிவிலொடுக்கம் என்ற தமிழ் நூலை மலையாளத்துக்குக் கொண்டுசென்றவர். அங்கே வரும் காட்சியை இப்படி நினைத்துக்கொள்ளலாம். கரண்ட் போன வீடு. திண்ணையில் யாரோ அசையும் சத்தம். "ஆரு அங்க?" "நாந்தான். நீ ஆரு?" "நானும் நாந்தான்." இருட்டில் உருவம் இல்லை, நிறம் இல்லை. இருவர் வாயிலும் வரும் பதில் ஒன்றே. ஆராய்ந்தால் அந்த ‘நான்’ பல அன்று, ஒன்றே என்கிறார் குரு.

இதற்கு வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. ‘இங்கே’ என்ற சொல்லை நாகர்கோவிலிலும் சொல்வார்கள், திருவனந்தபுரத்திலும் சொல்வார்கள். சொல் ஒன்று என்பதால் இடம் ஒன்றாகிவிடுமா? ‘நான்’ என்பதும் அத்தகைய சுட்டுச்சொல்தான் என்றால் வாதம் நின்றுபோகும். குருவின் பக்கம் நின்று சொல்லக்கூடிய பதில், இருட்டு எதற்கு என்பதில் இருக்கிறது. இரண்டு ‘இங்கே’க்களைப் பிரிப்பது வரைபடம். இரண்டு ‘நான்’களைப் பிரிப்பது உடலும் பெயரும் நினைவும். இவை அனைத்தும் அறியப்படும் பொருள்கள். இவற்றை நீக்கியபின் மிஞ்சும் வெறும் அறிவில் ‘இது அவனுடையது’ என்று அடையாளம் ஒட்ட எதுவும் கிடையாது. எண்ணிக்கைக்கு அடையாளம் வேண்டும். அடையாளமே இல்லாத ஒன்றை இரண்டு என்று எண்ணுவது எப்படி? ஆனால் இதே காரணத்தால் அதை ஒன்று என்றும் எண்ணமுடியாதே என்று திருப்பிக் கேட்கலாம். அத்வைதம் என்ற சொல்லே ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘இரண்டல்ல’ என்று நிற்பது இதனால்தான் என்று தோன்றுகிறது. அங்கேயும் ‘அல்ல’தான்.

கடவுள் வழக்கு

கிறித்தவ இறையியலாளர் கான்டர்பரி ஆன்செல்ம் 11-ஆம் நூற்றாண்டில் வைத்த வாதம் இது. இதைவிடப் பெரியது எண்ணமுடியாது என்பதே கடவுள். அது எண்ணத்தில் மட்டும் இருந்தால், நிஜத்திலும் இருப்பது அதைவிடப் பெரிதாகிவிடும். ஆகவே அது நிஜத்திலும் உண்டு. கௌனிலோ என்ற துறவி அப்போதே, இப்படியானால் இதைவிடச் சிறந்தது எண்ணமுடியாத தீவு ஒன்றையும் இருக்கவைத்துவிடலாமே என்றார். ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட் 1781-இல் வேரைப் பிடித்தார்: இருத்தல் என்பது ஒரு பொருளின் பண்பு அன்று. எண்ணத்தில் உள்ள நூறு காசுக்கும் பையில் உள்ள நூறு காசுக்கும் காசின் இலக்கணத்தில் ஒரு காசு வேறுபாடும் கிடையாது.

தமிழிலும் மலையாளத்திலும் இது கண்ணுக்கே தெரியும். பலாவை இங்கே சக்கை என்போம். ‘சக்கை இனிப்பு’ என்பதில் வினையே இல்லை. ‘சக்கை உண்டு’ என்பதில் உண்டு. மலையாளத்தில் முன்னதற்கு ‘ஆணு’, பின்னதற்கு ‘உண்டு’. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இந்த இரண்டு வேலையையும் ஒரே வினைச்சொல் செய்கிறது, ஆகவே இருப்பது இனிப்பதைப்போல ஒரு பண்பாக வழுக்கிவிடுகிறது. இதனால் ஆன்செல்ம் வெறும் இலக்கணப் பிழை செய்தார் என்று சொல்லக்கூடாது. இருந்தே தீரவேண்டிய தன்மை பற்றிப் பின்வந்தவர்கள் வைத்த வடிவங்களுக்குக் கான்டின் பதில் அப்படியே பொருந்தாது.

சிவஞானபோதத்தின் முதல் சூத்திரம் வேறு வழி. அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்குகிறது. ஆகவே அதைச் செய்பவர் ஒருவர் வேண்டும். பானைக்குக் குயவர்போல. இதற்கு எதிராக, மீமாம்சை ஆசிரியர் குமாரிலபட்டர் மரபில் எழுந்த கேள்விகள் இன்றும் கடினமானவை. குயவருக்குக் கை உண்டு, படைப்பவருக்கு உடல் உண்டா? உண்டென்றால் அந்த உடலை வனைந்தது யார்? இல்லையென்றால் மண்ணை எப்படித் தொடுவார்? உண்டு என்ற பதில் முடிவில்லாத பின்னோட்டத்தில் தள்ளும். சித்தாந்தியின் பதில், உருவமில்லாத உயிர் உடலை அசைப்பதுபோல என்பது. உயிர் உடலுக்கு வேறு என்பதை மூன்றாம் சூத்திரம் நிறுவினால்தான் இந்த முதல் சூத்திரத்தின் பதில் நிற்கும். கடவுள் வழக்கு உணர்வு வழக்கின் தோளில் ஏறி நிற்கிறது.

ஆறாம் சூத்திரம்தான் எல்லாவற்றிலும் நுட்பமானது. இறைவன் அறியப்படும் பொருள் என்றால் அசத்து. அறியப்படவே மாட்டான் என்றால் முயற்கொம்புபோல இல்லாதவன். இரண்டும் அல்லாததே சிவசத்து. இங்கே அசத்து என்பதை ‘இல்லாதது’ என்று படித்தால் எல்லாம் குழம்பும். அறிவால் சுட்டப்படுவது மாறும், மாறுவது அசத்து என்பதே பொருள். சுட்டறிவுக்கு எட்டாதவன் முயற்கொம்பிலிருந்து எப்படி வேறுபடுகிறான் என்று கேட்டால், அவன் அருளால் அறியப்படுகிறான் என்பது பதில். வெளியே நிற்பவருக்கு இது நிரூபணம் ஆகாது. கொள்கைக்குள் முரண் இல்லை என்பதைக் காட்டும் விளக்கம் அது. இதை நிரூபணமாக மேடையில் வீசுபவர்களும், முரண் என்று சிரிப்பவர்களும் சூத்திரத்தின் வேலையைத் தவறாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவே சாமிதோப்பு. அய்யா வைகுண்டர் வழியில் வந்த, பதி என்று சொல்லும் வழிபாட்டிடங்களில் பள்ளியறையில் ஒரு கண்ணாடி இருக்கும். 1927-இல் நாராயண குரு சேர்த்தலைக்கு அருகே களவங்கோட்டில் நிறுவியதும் கண்ணாடியே. ஆறாம் சூத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கண்ணாடியின்முன் நின்றால், தெரியும் முகம் சுட்டப்படும் பொருள், மாறுவது, ஆகவே அசத்து. கண்ணாடிக்குப் பின்னால் கைவைத்துத் துழாவினால் அங்கே முகம் இல்லை. சித்தாந்தி அதைப் பார்த்து ‘பார்க்கும் நீயும் பதி அன்று’ என்பார். குருவின் வழியினர் ‘தெரியும் முகம் நீ அன்று’ என்பார்கள். இரண்டு பேரும் எதை மறுக்கிறார்கள் என்பதில் வேறுபடுகிறார்கள். பாறசாலைப் பழக்கடையில் நின்று சொன்னால், இரண்டுமே ‘அல்ல’, ஒன்றுகூட ‘இல்ல’ கிடையாது.